பவி கியர் மாற்றுகிறாள்

என் விரல்களில் சார்டின் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை, எலுமிச்சைத் தோலைத் தேய்த்தும் போகவில்லை. உங்களுக்குத்தான் இந்த வாசனை பிடிக்கும். எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. டின்னில் அடைத்த மீனைப் போய் ஒரு மனிதர் இத்தனை பக்தியோடு சமைப்பாரா என்று உங்களைக் கேலி செய்தவள் நான். இப்போது அதே வாசனையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

செய்தி நம் மகளைப் பற்றியது. பவி இப்போது என்னைவிட உயரம். உங்கள் பழைய டி-சட்டைகள் அவளுக்குச் சரியாக இருக்கின்றன. பேச்சு மட்டும் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. 'மா', 'தா', 'வேணா'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கூலாய் ஊரில் இந்த வீட்டை நடத்திக்கொண்டிருக்கிறோம். சில நாட்களில் நானும் அதற்கு மேல் பேசுவதில்லை.

நீங்கள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன காலத்தில் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவீர்கள். வீட்டுக்குள்ளே ஸ்டார்ட் பண்ணினால் பவி விழித்துக்கொள்வாள் என்று தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவீர்கள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். முகமெல்லாம் லாரிப் புகை, ஹெல்மெட் பட்டை பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அவளோடு உங்களுக்குக் கிடைத்தது அந்த இராச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அதனால்தான் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குளித்துவிட்டு நேரே அடுப்படிக்கு வருவீர்கள். வெங்காயம், அரைத்த மிளகாய், கொஞ்சம் புளி, சார்டின் டின். "நீ தள்ளு. இதெல்லாம் உனக்கு வராது லா" என்பீர்கள். எனக்கு வராதுதான். முயற்சி செய்ததும் இல்லை.

சோற்றை மீன் துண்டோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அவள் வாயில் வைப்பீர்கள். அவள் மெல்லத் தொடங்கியதும் இமைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். கண்மணி சொக்கி மேலே ஏறும். தலை முன்பக்கமாக ஆடும், விட்டு விட்டு ஆடும். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து ரசிக்கிறவரைப் போல இருக்கும். "பாத்தியா, பாத்தியா? ஒரு வார்த்தை பேச வராத புள்ள, அப்பா சமையலுக்கு எப்படித் தலையாட்டுது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். நான் ஆக்கிய கஞ்சிக்கும் அவள் ஆடியிருக்கிறாள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். "அது சும்மா. இது வேற ஆட்டம்."

ஆடிக்கொண்டே மேசைக்குக் கீழே உங்கள் பாதத்தின் மேல் தன் இடது காலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். அடுத்த உருண்டைக்கு இன்னொரு அழுத்து. பூட்ஸுக்குள்ளே நாளெல்லாம் வெந்த கால் உங்களுடையது, வலிக்கத்தானே செய்யும். "அலமாக், கியர் மாத்துறா பாரு!" என்று கத்துவீர்கள். அவள் சிரிக்க மாட்டாள், காலையும் எடுக்க மாட்டாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் தலையாட்டலின் மேல்தான்.

பொந்தியானில் இருக்கும் உங்கள் தம்பியை நினைத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் சமைக்கிற மனிதர். பவியின் தலையாட்டல் அவர் தொழிலுக்கே ஒரு சடங்காகிப் போனது. பந்தி தொடங்கும் முன் கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு ஊட்டுவார். சுற்றி நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பவி மெல்லுவாள், இமை அடிக்கும், தலை ஆடும். "எம் மவ பாஸ் பண்ணிட்டா, இலையைப் போடுங்கடா!" என்று அவர் கத்த, கூட்டம் கைதட்டும். பத்து பாகாட்டில் ஒரு கல்யாணத்தில் பாயசத்துக்கு அவள் ஆடிய ஆட்டத்தை நீங்கள் கைபேசியில் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு டீச்சர், "ஓய்வு நேரத்துல சாப்பிடறப்ப பவி அடிக்கடி தலைய ஆட்டுறா, கவனிச்சீங்களா?" என்று கேட்டபோதுகூட, "கேன்டீன் நாசி லெமாக் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் டீச்சர்" என்று நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவ்வளவு சந்தோஷமான தப்பை வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவிடம் நாம் போனது வேறு விஷயத்துக்காக. பேச்சு ஏன் வரவில்லை, தூக்கம் ஏன் இல்லை, சத்தம் கேட்டால் ஏன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள் என்று இரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருந்தார்கள், அதன் முடிவைக் கேட்கப் போயிருந்தோம். நம் ஊர்ப் பெண், தமிழ்தான் பேசினார். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். அவ்வளவுதான், நீங்கள் கைபேசியை எடுத்துவிட்டீர்கள். "சாப்பாட்டப் பத்தி மட்டும் கேக்காதீங்க டாக்டர். எப்படி ரசிச்சு சாப்பிடுறா பாருங்க."

அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, இது ரசிக்கறது இல்ல. இது ஃபிட்ஸ்" என்றார்.

தரையில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தோம். இமையடிப்பிலும் தலையாட்டலிலும் அது வந்து போகும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? அவர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து விளக்கினார். மூளைக்குள்ளே ஒரு நரம்பு அணு இன்னொன்றோடு பேசிக்கொண்டே இருக்கிறதாம். அந்தப் பேச்சில் இரண்டு வகை. ஒன்று 'போ' என்று தூண்டுவது, மற்றது 'போதும்' என்று அடக்குவது. இரண்டும் சரிசமமாக இருந்தால்தான் பேசவும் தூங்கவும் கற்றுக்கொள்ளவும் முடியும். பவிக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. 'போ' என்கிற பேச்சை மட்டுப்படுத்தும் ஒரு புரதம் அதனால் பாதிதான் உண்டாகிறது. குழந்தையாக இருக்கும்போதே அந்தத் தூண்டும் இணைப்புகள் அவசரப்பட்டு முற்றிவிட்டன, மெதுவாகப் பழகிக்கொள்ள வேண்டிய நேரம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அடக்கும் பக்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. மெல்லுவதே சில பேருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும் என்றார்.

மரபணுவின் பெயரை எழுதிக் காட்டினார். "மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் நம்பர் மாதிரி இருக்கு" என்றீர்கள். உங்கள் பக்கமா என் பக்கமா என்று இத்தனை வருடம் சொந்தங்கள் நடத்திய வழக்கையும் கேட்டீர்கள். "ரெண்டு பேர் பக்கமும் இல்லண்ணே. உங்க கிட்ட இருந்து வரல, அக்கா கிட்ட இருந்தும் வரல. அவகிட்டதான் புதுசா வந்திருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. உங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் நீங்கள் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"டாக்டர், ருசியா இருந்தா வருதா? இல்ல எதைச் சாப்பிட்டாலும் வருமா?"

"எதைச் சாப்பிட்டாலும் வரும்ணே. வெறும் ரொட்டிக்கும் வரும்."

கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். பவி பின்சீட்டில் ஜன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப அது எனக்கு இல்ல" என்றீர்கள். "எது?" என்றேன். காரைக் கிளப்பினீர்கள். நெடுஞ்சாலையில் ஏறிச் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி வரும்போதுதான், "நம்ம வீட்ல போதும் போதும்னு சொல்ற ஆளு நீதானே. உன் கிட்டருந்து கொஞ்சம் அவளுக்குப் போயிருக்கலாம்" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் விளையாடினால் உள்ளே எதையோ மூடி வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்றோடு அவளுக்கு ஊட்டுவதை விட்டுவிட்டீர்கள். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. குழைவாகக் கொடுங்கள், களைத்திருக்கும்போது கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள், மருந்தைத் தவறவிடாதீர்கள் என்றுதான் சொன்னார். நீங்களோ தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். சார்டின் டின் வாங்குவதும் நின்றது. நான் கரண்டியில் ஊட்ட, அவள் எழுந்து வந்து உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பாள். நீங்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து என்னிடம் திருப்பி அனுப்புவீர்கள். ஒருநாள் நான் கத்திவிட்டேன். "உங்க கைக்காகத்தான் நிக்கிறா, தெரியலையா?" நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "என் கையால அவளுக்கு வலிப்பு வேணாம்மா."

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. வாசலில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். நெஞ்சு வலி என்று ஒரு தடவைகூட நீங்கள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது கணக்குப் போடுவதில்லை, போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

பவி அழவில்லை. "அதுக்கென்ன தெரியும், பாவம்" என்றார்கள் வந்தவர்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை. கருமாதிக்கு உங்கள் தம்பிதான் சமைத்தார். பந்தி தொடங்கும் முன் வழக்கம்போல ஒரு கரண்டி சாம்பாரோடு அவளிடம் வந்துவிட்டார். பழக்கம் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தத் தலையாட்டல் என்னவென்று அவருக்கும் அதற்குள் தெரியும். நடுவில் நின்றுவிட்டார். பவி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஊட்டினார். இமை அடித்தது, தலை ஆடியது. அவர் கரண்டியோடு அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணனுக்காகவா, அவளுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். புதிது ஒன்றைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தார். தலையாட்டல் குறைந்தது. பிறகு ஒரு நாள் முழுச் சாப்பாட்டையும் தலை அசையாமல் சாப்பிட்டு முடித்தாள். நான் அழுதேன். டாக்டரிடம் சொன்னபோதும் அழுதேன். "எனக்கும் சந்தோஷமா இருக்குக்கா" என்றார் அவர். சந்தோஷம்தான், பொய் இல்லை. தூக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது, கண்ணைக் கொஞ்சம் நேராகப் பார்க்கிறாள். ஆனால் அந்தத் தலையாட்டலுக்காக நான் ஏங்கினேன் என்பதை யாரிடம் சொல்வது? பிள்ளையின் வலிப்பு நின்றுவிட்டதே என்று ஒரு தாய் வருத்தப்படுவாளா? உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு விளங்கும். மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவள் மெல்லும் சத்தத்தையும் காற்றாடி சுற்றும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறதா, இல்லையா, எதுவும் தெரியாது. போதும் போதும் என்று சொல்கிற ஒருத்தி மட்டும் மிச்சமான வீடு இது.

சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் யாத்தி, சார்டின் வதக்கினார். வாசனை சுவரைத் தாண்டி வந்தது. கட்டிலில் படுத்திருந்த பவி எழுந்தாள். நேரே வந்து சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை, தட்டும் வைக்கவில்லை. வேலி வழியாகப் போய்க் கொஞ்சம் கேட்டேன். காக் யாத்தி கிண்ணம் நிறையக் கொடுத்து, "மக்கான், மக்கான், பனாஸ் லாகி" என்றார். சாப்பிடு, இன்னும் சூடு என்று. சூடு ஆறவில்லைதான், விரல் சுட்டது. ஆனாலும் கரண்டியை எடுக்கவில்லை. உங்களைப் போலவே பிசைந்து, உருட்டி, ஊதி, அவள் வாயில் வைத்தேன்.

தலை ஆடவில்லை. இமை அடிக்கவில்லை. மென்றாள், விழுங்கினாள். பிறகு மேசைக்குக் கீழே என் பாதத்தின் மேல் ஒரு பாரம் வந்து அழுத்தியது.

அடுத்த உருண்டை, இன்னொரு அழுத்து. இத்தனை நாள் நான் கரண்டியில் எத்தனையோ ஊட்டியிருக்கிறேன். என் காலை அவள் ஒரு நாளும் தேடியதில்லை. மறுநாள் முட்டை பிரட்டிக் கையால் ஊட்டினேன், கால் வரவில்லை. கடைக்குப் போய் சார்டின் டின் வாங்கி, அந்த வராத சமையலைத் தட்டுத்தடுமாறிச் செய்து ஊட்டினேன். கால் வந்தது. அதையே கரண்டியில் கொடுத்துப் பார்த்தேன், வரவில்லை.

அப்போதுதான் பயம் பிடித்தது. இதுவும் வலிப்பாக இருந்தால்? ஒரு தடவை நாம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டியதை அந்த அறையில் பறிகொடுத்துவிட்டு வந்தோம். இதையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா? காட்டாமல் என்னோடு வைத்துக்கொள்ளலாம், எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்று பல நாள் நினைத்தேன். ஆனால் வலிப்பாக இருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். அவள் மூளை எனக்காகக் காத்திருக்காது. கைபேசியை மேசைக்கு அடியில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தேன். இன்று காலை எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். நான் பவியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மேசையும் நாற்காலியும் அன்றைக்கு இருந்தவைதான், உங்கள் நாற்காலியில் என் பை இருந்தது.

"எல்லாச் சாப்பாட்டுக்கும் இப்படிச் செய்றாளாக்கா?"

"இல்ல டாக்டர். சார்டினுக்கு மட்டும். கையால ஊட்டினா மட்டும். அவங்க அப்பா ஊட்டுறப்ப இப்படித்தான் மிதிப்பா."

அவர் மறுபடியும் படத்தை ஓடவிட்டார். "இங்க பாருங்கக்கா. நீங்க காலக் கொஞ்சம் நகத்திட்டீங்க. அவ தேடுறா பாருங்க. தேடி எடுத்து வைக்கிறா. வாயில சோறு இல்லாதப்ப நிறுத்திடறா." கைபேசியைக் கீழே வைத்தார். "ஃபிட்ஸ் எதையும் தேடாதுக்கா. உங்க மனசுக்குத் திருப்தி வேணும்னா இன்னொரு தடவ இ.இ.ஜி எடுத்துப் பாப்போம். ஆனா நான் சொல்றேன், இது அவளே செய்யறது."

அவளே செய்யறது. திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு நீங்கள் சாவியோடு நின்ற அதே இடத்தில் காரை நிறுத்தியிருந்தேன். உங்களைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தலையாட்டல் உங்களுக்கு இல்லைதான். அது யாருக்கும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே, மேசைக்கு அடியில், வலித்த உங்கள் காலின் மேலேயே அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூளை முழுக்கப் 'போ போ' என்று கத்திக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தக் காலை மட்டும் அவள் தானாக எடுத்து வைத்திருக்கிறாள். இதை அறிய நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். எனக்குத் தாங்கவில்லை.

சற்று முன்தான் சாப்பிட்டோம். பொழுது சாய்ந்துவிட்டது, வெளியே வேலை முடிந்து வருகிற மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. வெங்காயம் கொஞ்சம் கருகிவிட்டது, புளியும் கூடிவிட்டது. பவி குறை சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் காலை அவள் பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டேன். முதல் உருண்டைக்கே மிதித்துவிட்டாள். நல்ல பலம் இப்போது, வலித்தது. உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இனி இந்த வலி என்னோடுதான் இருக்கும்.

சொல்ல ஆள் இல்லாததால் நானே சொன்னேன். "அலமாக், கியர் மாத்துறா பாரு!"

பவி மெல்லுவதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.